பாலத்துக்குத் தலைவணங்கும் பாய்மரங்கள்

லண்டனில் குடியிருக்கும் மகளையோ தம்பியையோ பார்த்துவர இங்கிலாந்து சென்று வரும் சகோதரிகள் நம்மிடையே இப்போது பலர் இருக்கின்றனர். போய்வந்தவர்கள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அரண்மனை வாசல், மணிக்கூட்டுக் கோபுரம், தேம்ஸ் நதிப் பாலம், கடைத்தெரு, குளிர். இவற்றை நாம் கேட்டுச் சலித்துவிட்டோம். ஆகவே இம்முறை உங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே அரண்மனை கிடையாது. ஆறுகளும் நாணற் புதர்களும் தாழ்ந்த பாலங்களும்தான் உண்டு. அந்தப் பாலங்களுக்கு முன்னால் தலைவணங்கிப் போகும் பாய்மரங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

லண்டன் லிவர்பூல் ஸ்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மணித்தியாலம் வரையில் நோர்விச் நகரம் வந்துவிடும். அங்கிருந்து சிறிய ரயிலொன்றில் கால் மணித்தியாலம் போனால் ரொக்ஸம் என்ற ஊர். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நோர்போக், சபோக் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இந்த நீர்ப்பிரதேசத்தை ‘புரோட்ஸ்’ என்று அழைக்கிறார்கள். பியூர், ஆண்ட், தேர்ன், யார், வேவினி என்று ஆறுகள் பல இதனூடே ஓடுகின்றன. ஆறுகளைத் தொட்டுக்கொண்டு அறுபது வரையான ஏரிகள் கிடக்கின்றன. படகு ஓடக்கூடிய நீர்வழி மட்டும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

நிலம் பாய் விரித்தாற்போல் மட்டமானது. மலையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றின் இருகரையிலும் ஆளுயரத்துக்கு மேல் நாணல் வளர்ந்திருப்பதால் சற்றுத் தூரத்தில் நிற்பவருக்குத் தண்ணீரே தெரியாது. மாடு மேயும் புல்வெளிக்கு நடுவே வெள்ளைப் பாயொன்று தானாக நகர்ந்து போவதைத்தான் காண்பார். புதிதாகப் பார்க்கும் பிள்ளைகள் “உம்மா, வயலில் கப்பல் போகிறது!” என்று கத்தாமல் இருக்க மாட்டார்கள்.

தோண்டிய குழியில் பிறந்த ஏரிகள்

இந்த ஏரிகள் எப்படி உண்டாயின? இயற்கையாக உண்டானவை என்றுதான் அறிஞர்களும் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு பெண்மணி. ஜோய்ஸ் லாம்பேர்ட் என்ற தாவரவியல் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் ஏரிகளின் ஓரமாக வரிசை வரிசையாகத் துளையிட்டு, அடிமண்ணை எடுத்துப் பார்த்தார். இயற்கையான ஏரியின் கரை சரிந்து சரிந்து ஆழத்துக்கு இறங்கும். இங்கோ கரைகள் சுவர்போல் செங்குத்தாகவும் அடி தட்டையாகவும் இருந்தன. மண்வெட்டியால் வெட்டிய குழி எப்படி இருக்குமோ அப்படி!

விறகு குறைந்த அந்தப் பிரதேசத்தில் இடைக்கால மக்கள் அடுப்பெரிக்க, சதுப்பு நிலத்தின் முற்றா நிலக்கரியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பல தலைமுறையாக வெட்டிய குழிகளுக்குள், பின்னர் கடல்மட்டம் உயர்ந்து வெள்ளம் புகுந்தது. 14ஆம் நூற்றாண்டளவில் குழிகள் கைவிடப்பட்டு ஏரிகளாயின. எத்தனையோ வீடுகளின் அடுப்புக்குப் போன எரிபொருளின் வெற்றிடம்தான் இன்று நாம் படகோட்டும் நீர்ப்பரப்பு. ஜோய்ஸ் லாம்பேர்டும் அவரோடு உழைத்தவர்களும் 1960இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது.

பாலமோ தாழ்வு, மரமோ உயரம்

வண்டிப்பாதை சரியில்லாத காலத்தில் இந்த ஆறுகளே அப்பகுதியின் பெருந்தெருக்கள். கடலோரத்து யார்மவுத் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியும் மரமும் உள்ளூருக்குப் போகவேண்டும். உள்ளூரின் தானியம் கடலுக்கு வரவேண்டும். இந்த வேலையைச் செய்தவை ‘வெரி’ எனப்படும் சரக்குப் படகுகள். ஒரே மரம், ஒரே பெரிய பாய். பாய்த்துணி உக்கிப்போகாதிருக்கத் தாரும் மீனெண்ணெயும் கலந்து பூசுவார்கள். அதனால் அந்தப் பாய்கள் கரி நிறமாக இருக்கும்.

நாணலும் மரங்களும் கரையில் நின்று காற்றை மறைப்பதால், மேலே வீசும் காற்றைப் பிடிக்கப் பாய்மரம் உயரமாக இருக்கவேண்டும். ஆனால் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கற்பாலங்களோ மிகத் தாழ்ந்தவை. ரொக்ஸம் பாலம் 1619இல் கட்டப்பட்டது. தேர்ன் ஆற்றின் மேலுள்ள பொட்டர் ஹைகம் பாலம் இடைக்காலத்தது. அதன் நடுவளைவுக்குக் கீழே, நீர் உயர்ந்திருக்கும் வேளையில், சுமார் இரண்டு மீட்டர் இடைவெளிதான். நன்கு வளர்ந்த மனிதர் கையை உயர்த்தினால் கல்லில் தட்டும். நாற்பது அடிப் பாய்மரம் இதற்குள்ளே நுழைவது எப்படி?

பாலத்தை உயர்த்த முடியாது. ஆகவே மரம்தான் பணியவேண்டும்.

துலாவின் கல்லும் பாய்மரத்தின் ஈயமும்

நம் கிராமங்களில் துலாக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட துலா மரத்தின் பின்நுனியில் கல்லோ மண்ணோ பாரமாகக் கட்டியிருக்கும். அந்தப் பாரம் வாளித் தண்ணீரின் கனத்தை ஈடுசெய்வதால், மெலிந்த பெண்ணொருத்தியும் அலுப்பில்லாமல் தண்ணீர் இறைத்துவிடுவாள். வெரிப் படகின் பாய்மரமும் இதே தத்துவம்தான்.

மரத்தின் அடிப்பகுதி படகின் தட்டோடு நின்றுவிடாமல் கீழேயும் இறங்குகிறது. இருபுறமும் தடித்த பலகை வைத்து, முன்புறம் திறந்த பெட்டிபோலச் செய்த தாங்கிக்குள் மரம் நிற்கிறது. பலகைகளையும் மரத்தையும் ஊடறுத்து ஓர் அச்சாணி செல்கிறது. அச்சாணிக்குக் கீழேயுள்ள மரத்தின் அடியில் ஒரு தொன்னுக்கும் அதிகமான ஈயத்தைப் பிணைத்திருப்பார்கள். மேலே நாற்பது அடி மரம். கீழே சில அடி மரத்தோடு ஈயம். தராசின் இரு தட்டுகளும் ஏறக்குறைய சமம். முன்புறத்துக் கயிற்றை மெதுவாக இளக்கினால் மரம் பின்பக்கமாகச் சாய்ந்து படுக்கும். அடியிலுள்ள ஈயம் அதே வேளையில் முன்பக்கத்தால் மேலே எழும். கயிற்றை இழுத்தால் மரம் மீண்டும் நிமிரும்.

இவ்வளவு பெரிய படகுக்கு ஆட்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர்! படகோட்டியும் அவருக்கு ஒரு துணையும். துணையாகச் சில படகுகளில் மகன் இருப்பான். சில படகுகளில் மனைவி இருப்பாள். பாய் விரித்த வேகத்திலேயே பாலத்தை நெருங்கி, கடைசி நேரத்தில் பாயையும் மரத்தையும் இறக்கி, ஓடிவந்த வேகத்தாலேயே வளைவுக்குள் நுழைந்து, மறுபுறம் வந்ததும் மரத்தை நிமிர்த்திப் பாயேற்றிப் போய்விடுவார்கள். கணவர் சுக்கானில் நிற்க, முன்னால் கயிற்றைப் பிடித்து நிற்கும் மனைவியின் கையில்தான் அந்த நிமிடத்தில் படகும் சரக்கும் அவர்களின் பிழைப்பும் இருந்தன. அரை நிமிடம் பிந்தினால் மரம் கல்லில் மோதும்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். அவர்கள் வாழ்நாள் முழுதும் அதையே செய்து பழகியவர்கள். இன்று விடுமுறைக்குப் படகெடுக்கும் குடும்பங்கள் அப்படிச் செய்யக் கூடாது. கரையில் கட்டிவிட்டுத்தான் மரத்தில் கை வைக்க வேண்டும்.

பொட்டர் ஹைகம் பாலத்தின் முன்னால்

லட்ஹம் என்ற கிராமத்தில் ஹன்டர்ஸ் யார்ட் என்றொரு படகுத்துறை இருக்கிறது. 1930களில் தொடங்கிய இந்தத் துறையின் மரப் படகுகள் இயந்திரம் இல்லாமலே கட்டப்பட்டவை. காற்று நின்றால் நீண்ட ஊன்றுகம்பால் ஆற்றின் அடியை ஊன்றித் தள்ளிப் போகவேண்டியதுதான். 1968இல் இத்துறையை நோர்போக் மாவட்ட சபை வாங்கியது. 1996 முதல் ஓர் அறக்கட்டளை நடத்திவருகிறது. சிறிய குடும்பமொன்று தங்கிச் சமைத்துச் சாப்பிடக்கூடிய படகுகள் இங்கே வாடகைக்கு உண்டு. வெரியின் அதே ஈயத் தத்துவத்தைச் சிறிய அளவில் இந்தப் படகுகளின் பாய்மரங்களிலும் காணலாம்.

இப்படியொரு படகில் உங்கள் குடும்பத்தோடு நீங்கள் தேர்ன் ஆற்றில் மேல்நோக்கிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலத்துக்கு அப்பால் ஹிக்லிங் ஏரி இருக்கிறது. இந்த ஏரிகளிலெல்லாம் பெரியது அதுதான். இங்கிலாந்தில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத வாலுடைய மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும், நாணலுக்குள் மறைந்திருந்து முழங்கும் குருகு இனப் பறவையும் அங்கே உண்டு. ஆனால் பாலத்தைக் கடந்தால்தான் அவற்றைப் பார்க்கலாம். என்ன செய்யவேண்டும்?

முதலாவது, பாலத்துக்கு வெகு முன்னாலேயே கரைசேருங்கள். மரம் இறக்குவதற்கென்றே பாலத்தின் இருபுறமும் படகு கட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கூடுமானால் படகின் முகம் காற்றைப் பார்த்திருக்கட்டும். பக்கக் காற்றில் சாயும் மரம் ஒருபுறமாக இழுபடும்.

இரண்டாவது, பாய்களை இறக்கிச் சுருட்டிக் கட்டுங்கள். பாயின் அடியிலுள்ள நீண்ட கழியையும் மேலேயுள்ள கழியையும், அந்தப் படகுக்குச் சொல்லித்தந்த முறைப்படி, மரத்திலிருந்து விடுவித்து ஒருபக்கமாகக் கிடத்துங்கள். படகுக்குப் படகு இது வேறுபடும். ஆகவே படகை எடுக்கும் நாளில், துறையை விட்டுப் புறப்படும் முன்பே, அங்குள்ளவரைக் கொண்டு ஒருமுறை மரத்தை இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். அவர்கள் நாள்தோறும் செய்யும் வேலை அது.

மூன்றாவது, மரம் படுப்பதற்குப் பின்பக்கத்தில் கவைக்கட்டையை நிறுத்துங்கள். கவணின் பிடிபோல இரண்டாகப் பிரிந்த கட்டை அது. மரத்தின் உச்சி அதில்தான் வந்து அமரும்.

நான்காவதுதான் முக்கியம். யார் எங்கே இருப்பது என்று தீர்மானியுங்கள். மரம் பின்னோக்கி விழுவதால் அதன் நேர்கோட்டில் எவரும் இருக்கக் கூடாது. அடியிலுள்ள ஈயம் முன்தட்டின் மூடியைத் தாண்டி மேலெழுவதால், முன்தட்டில் அந்தத் திறப்பின் அருகிலும் எவரும் நிற்கக் கூடாது. மேலே விழுவதைப் பார்க்கும் எல்லோரும் கீழிருந்து எழுவதை மறந்துவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எழுந்துவரும் அந்த ஈயக்கட்டி ஒரு காலை நசுக்கப் போதுமானது. பிள்ளைகளைக் கரையில் இறக்கி, ஒரு பெரியவரின் கைப்பிடியில் விடுவதே நல்லது.

ஒரே குரல்

வேலை தொடங்கும்போது ஒருவர் மட்டுமே சொல்லவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும். வாப்பா ஒன்று சொல்ல, மகன் ஒன்று சொல்ல, கரையில் நிற்கும் அந்நியர் ஒன்று சொல்ல, கயிற்றைப் பிடித்திருப்பவர் எதைக் கேட்பார்? கல்யாண வீட்டுச் சமையலில் சட்டியை இறக்கும்போது “ம்… பிடி… இறக்கு” என்று ஒருவர்தானே சொல்வார்? அதுபோலத்தான். சொல்பவர் வயதில் மூத்தவராக இருக்கவேண்டுமென்பதில்லை. எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பவராக இருக்கவேண்டும்.

இப்போது முன்கயிற்றைப் பிடிப்பவர் அதைக் கட்டையிலிருந்து முழுதாக அவிழ்த்துவிடக் கூடாது. கட்டையைச் சுற்றி ஒரு சுற்றாவது இருக்கட்டும். அந்த ஒரு சுற்றின் உராய்வே பாதிப் பாரத்தைத் தாங்கும். கயிற்றைக் கையிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்வது பெருந்தவறு. கயிறு ஓடத்தொடங்கினால் கையும் கூடவே போகும். கயிறு கைமீறிப் போனால் விட்டுவிட வேண்டும். மரம் உடைந்தால் வேறு மரம் செய்யலாம்.

அடுத்தவர் மரத்தின் அடியைப் பூட்டியிருக்கும் ஆணியையோ தாழையோ கழற்றி, கையை உடனே எடுத்துக்கொள்கிறார். தாங்கிப் பலகைக்கும் மரத்துக்கும் இடையே விரல் போகக் கூடாது. மூன்றாமவர் மரத்தைப் பின்னோக்கி இலேசாகத் தள்ளிவிடுகிறார். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளக, மரம் சாய்கிறது. பக்கக் கயிறுகளும் பாயேற்றும் கயிறுகளும் எங்கேனும் கொளுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரம் கவைக்கட்டையில் அமர்ந்ததும் அதோடு சேர்த்துக் கட்டிவிட்டால், முதற்பாதி வேலை முடிந்தது.

படகு பாலத்துக்கு அடியில் போகும்போது எல்லோரும் உட்கார்ந்திருங்கள். கல்லில் கை வைத்துத் தள்ளப் போகாதீர்கள். படகின் பாரத்தைக் கை தாங்காது. ஊன்றுகம்பால் தள்ளுபவர் வளைவுக்குள் நுழையுமுன் கம்பைக் கிடையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வளைவைத் தாண்டியதும் மரத்தை உயர்த்த அவசரம் வேண்டாம். கொஞ்சத் தூரத்தில் புதிய பெருந்தெருவின் பாலமொன்றும் குறுக்கிடுகிறது. அதையும் கடந்து, கரையில் கட்டிய பின்பே மரத்தைத் தொடவேண்டும்.

நிமிர்த்தும் வேளை

இறக்கும்போது பயந்து பயந்து செய்பவர்கள் ஏற்றும்போது அசட்டையாகிவிடுவார்கள். தவறு பெரும்பாலும் அப்போதுதான் நேர்கிறது. மரம் படுத்திருக்கும்போது பக்கக் கயிறுகள் தளர்ந்து கிடக்கும். அவற்றுள் ஒன்று கூரையின் ஓரத்திலோ, கைப்பிடியிலோ, கயிறு கட்டும் கட்டையிலோ கொளுவியிருந்தால், மரம் பாதி எழுந்த நிலையில் திடீரென நின்றுவிடும். அங்கே கயிற்றைப் பலமாக இழுத்தால் ஏதோவொன்று முறியும். ஆகவே இழுக்குமுன் ஒருவர் படகின் இருபுறமும் நடந்து, ஒவ்வொரு கயிற்றையும் கையால் தடவிப் பார்த்து வரவேண்டும். இரண்டு நிமிட வேலை.

பாதி எழுந்த மரத்துக்குப் பக்கவாட்டில் பிடிமானம் குறைவு. அந்த நேரத்தில் பெரிய இயந்திரப் படகொன்று கடந்துபோய் அலை எழுப்பினால், மரம் இருபக்கமும் ஆடும். வருகின்ற படகு போய், அலை அடங்கும்வரை பொறுத்திருங்கள். மரம் முழுதாக நிமிர்ந்ததும் முதலில் ஆணியைப் பூட்டி, பிறகு முன்கயிற்றைக் கட்டையில் பலமாகச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டும் முடிந்தபின், சொல்பவர் தம் கண்ணால் பார்த்து “சரி” என்று சொல்லும்வரை எவரும் கயிற்றை விடக் கூடாது.

ஈயமில்லாத மரங்கள்

எல்லாப் படகுக்கும் இந்த ஈயப் பாரம் இல்லை. காரின் பின்னால் இழுத்துவரும் சிறிய பாய்ப்படகுகளுக்கு மரம் தட்டின் மேலேயே ஒரு கீலில் நிற்கும். அதை நிமிர்த்துவது கடினம். ஏன் தெரியுமா? படுத்திருக்கும் மரத்தின் உச்சியில் கட்டிய கயிற்றை முன்புறத்திலிருந்து இழுத்தால், அந்த இழுவை மரத்தின் நீளவாட்டிலேயே போய்விடுகிறது. மேலே தூக்கும் விசை மிகச் சொற்பம். ஆளோ மூச்சுவாங்க இழுக்கிறார்; மரமோ அசைவதில்லை.

இதற்கு எளிய வழி உண்டு. மரத்தின் அடியிலிருந்து முன்புறமாகச் செங்குத்தாக ஒரு குட்டைக் கம்பை நிறுத்தி, கயிற்றை அதன் நுனிவழியாகக் கொண்டுபோவார்கள். இப்போது கயிறு மேலிருந்து இழுப்பதால் மரம் எழுகிறது. கயிற்றைக் கப்பிகளினூடாக விட்டால் பாரம் இன்னும் பங்கிடப்படுகிறது. மரம் பக்கவாட்டில் விழாதிருக்க இருபுறமும் கட்டுக்கயிறு போடவேண்டும். இத்தனையும் செய்தால், இரண்டு ஆண்கள் தோள்கொடுத்துத் திணறும் வேலையை ஒரு பெண் தனியாகவே முடித்துவிடலாம்.

தலைக்கு மேலே பார்த்தீர்களா?

சகோதரிகளே, இதுவரை சொன்ன ஆபத்துகள் கை கால்களுக்குரியவை. உயிருக்கு உரியது ஒன்றுண்டு. அது மின்கம்பி.

மரத்தைப் பெரும்பாலும் கரையிலும் படகு நிறுத்துமிடங்களிலும்தான் உயர்த்துகிறார்கள். அத்தகைய இடங்களுக்கு மேலாக மின்கம்பி போகக்கூடும். கிராமப்புறத்துக் கம்பங்களில் ஓடுவது சாதாரணமாக 11,000 வோல்ற் மின்சாரம். கம்பி மெல்லியதாக, வானத்தின் நிறத்தோடு ஒன்றிப்போய் இருக்கும். கீழே கயிற்றையும் கப்பியையும் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணுக்கு அது தென்படாது. அலுமினிய மரமும் கம்பிக் கயிறும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரமான மரத்தையும் நம்பக் கூடாது. கம்பியில் முட்டவேண்டுமென்பதுகூட இல்லை. மிக அருகில் போனாலே உயர் மின்னழுத்தம் பாய்ந்துவிடும்.

ஆகவே கயிற்றைத் தொடுமுன் எல்லோரும் ஒருமுறை தலையை உயர்த்திப் பாருங்கள். மரம் நிமிரும் இடத்தை மட்டுமல்ல, நிமிர்த்திய மரத்தோடு படகைத் தள்ளிப் போகும் வழி முழுவதையும் பாருங்கள். ஒருவேளை மரம் கம்பியில் பட்டுவிட்டால், கரையில் நிற்பவர்கள் படகையும் வண்டியையும் அதிலுள்ளவரையும் தொடவே கூடாது. பாசத்தால் ஓடிப்போய்ப் பிடிப்பவரும் சேர்ந்தே விழுவார். தூர விலகி நின்று, மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யவேண்டும். பிரித்தானியாவில் இதற்கான தொலைபேசி இலக்கம் 105. ஆளுக்கு ஆபத்தென்றால் 999.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

நமது உடை தளர்வானது. அதில் குறையொன்றுமில்லை. ஆனால் கப்பிக்கும் கயிற்றுக்கும் அது தெரியாது. முந்தானையையும் தலைத்துணியின் நுனியையும் உள்ளே செருகிக்கொள்ளுங்கள். நீண்ட அங்கிக்கு மேலாகக் குளிர்ச்சட்டையொன்றை அணிந்து பொத்தானைப் பூட்டிவிட்டால் துணி காற்றில் பறக்காது. உயிர்காக்கும் மிதவைச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே வரவேண்டும். அதன்மேல் எதையும் போர்த்தக் கூடாது. மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வையுங்கள். இழுபடும் கயிற்றில் மோதிரம் சிக்கினால் விரலுக்கு ஆபத்து. வழுக்காத தட்டையான பாதணி போடுங்கள்.

மரம் இறக்கும் நேரத்தில் அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை வைக்காதீர்கள். இயந்திரப் படகின் அலை ஒன்று போதும், கொதிநீர் கொட்டுவதற்கு. பிள்ளைகளுக்கு ஏதாவதொரு வேலை கொடுங்கள். “பாலத்துப் பலகையில் எத்தனை அடி என்று போட்டிருக்கிறது, வாசித்துச் சொல்லு” என்று கேளுங்கள். பாலத்தின் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைக் காட்டும் அளவுப்பலகை அங்கே உண்டு. கடலின் ஏற்றவற்றத்தாலும் மழையாலும் காற்றாலும் நீர்மட்டம் மாறுவதால், நேற்றுப் போன படகு இன்று போகுமென்று சொல்வதற்கில்லை. பிள்ளை வாசித்துச் சொல்லும் இலக்கம் உண்மையிலேயே உங்களுக்குத் தேவைப்படும்.

கைவிடப்படாத கலை

ரயிலும் லொறியும் வந்தபின் வெரிகளின் காலம் முடிந்தது. நூற்றுக்கணக்கில் ஓடியவை பாழடைந்தன. சிலவற்றைக் கரை அரிக்காமலிருக்க ஏரிகளில் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். 1898இல் கட்டப்பட்ட ‘அல்பியன்’ என்ற வெரியைக் காப்பாற்ற 1949இல் ஒரு சங்கம் அமைந்தது. அந்தப் படகு லட்ஹம் கிராமத்தருகே இருந்து இன்றும் பாய் விரிக்கிறது. 1899இல் பிறந்த ‘மோட்’ என்ற இன்னொரு வெரி, மூழ்கடிக்கப்பட்ட ஏரியிலிருந்து 1981இல் மீட்கப்பட்டது. அதைத் திருத்துவதற்கு ஒரு தம்பதியினர் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தார்கள். 1999இல் அது மீண்டும் பாயேற்றியது. சரக்கு வெரிகளுள் இன்று ஓடுபவை இவை இரண்டுமே.

இன்னொரு வழியிலும் இந்தக் கலை வாழ்கிறது. ஹோர்னிங் என்ற ஊரின் பாய்ப்படகுச் சங்கம் 1961 முதல் ‘மூன்று ஆறுகள்’ என்ற போட்டியை நடத்திவருகிறது. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் சுமார் ஐம்பது மைல். வழியில் பொட்டர் ஹைகம், லட்ஹம், ஏக்கிள் பாலங்கள் குறுக்கிடுகின்றன. இரவானாலும் மழையானாலும் மரத்தை இறக்கி, கடந்து, மீண்டும் ஏற்றவேண்டும். எந்தப் படகு வேகமானது என்பதைவிட, எந்தப் படகில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் இசைந்து வேலை செய்கிறார்கள் என்பதே பாலத்தடியில் தெரிந்துவிடும்.

நீங்கள் நோர்போக் பக்கம் போகக் கிடைத்தால், படகேறாவிட்டாலும் குறையில்லை. பொட்டர் ஹைகம் பாலத்தருகே ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருங்கள். செலவு எதுவுமில்லை. ஒரு படகு வரும். பாய் இறங்கும். ஒருவர் மெதுவாகச் சொல்ல, ஒருவர் ஆணியை எடுக்க, ஒருவர் கயிற்றை இளக்க, உயர்ந்து நின்ற மரம் பணிந்து படுக்கும். அறுநூறு ஆண்டுப் பழமையான கல்லுக்குக் கீழே குடும்பம் குனிந்து போகும். அப்பால் போய் மரம் மீண்டும் நிமிர்ந்து, பாய் காற்றைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள். உங்கள் பிள்ளைகள் படகேறும் நாளொன்று வந்தால், கயிற்றைத் தொடுமுன் தலையை உயர்த்திப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.